மொட்டை மாடியில் இருபது மீட்டர் ஒயருக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. தேர்வு எழுதி, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமமும் கால்சைன் என்ற அழைப்புக் குறியும் பெற்று, அலையை அனுப்பவும் வாங்கவும் உதவும் செட்டும் வாங்கி வைத்திருக்கும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் பலர் சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் செட் மேசைமேல் துணி போர்த்திக் கிடக்கிறது. ஆன்டெனா கட்ட இடம் போதாது என்று அவர்களே முடிவு செய்துவிடுவது ஒரு காரணம். மொட்டை மாடியில் எதையும் கட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் மறுத்துவிடுவது இன்னொரு காரணம். இரண்டையும் சரிசெய்ய முடியும். மழைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டிய மழையிலும் நம் ஊரில் பல இடங்களில் செல்போன் ஊமையானது நினைவிருக்கும். செல்போன் கோபுரத்துக்குக் கரண்ட் வேண்டும், அதன் பேட்டரிக்கு ஆயுள் சில மணி நேரம், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகச் சாலை வேண்டும். அமெச்சூர் நிலையத்துக்கு ஒரு செட்டும் 12 வோல்ட் பேட்டரியும் ஒரு ஒயரும் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, வானொலித் தொடர்புப் பயணமாக அந்தமான் போயிருந்த அமெச்சூர் அன்பர் பாரதி பிரசாத்தின் நிலையம் போர்ட் பிளேரிலிருந்து தாய்நிலத்துக்குச் செய்தி கடத்தியது இப்படித்தான். நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியே ஒரு செட்டை நாள்கணக்கில் ஓட்டும். இல்லாதது அந்த ஒயர்தான்.

இடம் குறைந்தவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, சின்ன ஆன்டெனா வைத்துக்கொள்ளுங்கள் என்பது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அலைநீளத்தில் பாதி நீளமுள்ள ஒயரை இரு கைகளாகப் பிரித்து, செட்டின் சக்தியை நடுவில் ஊட்டுவதுதான் அரை அலை டைபோல். அதன் நீளத்தை மீட்டரில் கணக்கிட, 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 28.5க்கு 5 மீட்டர், 21.2க்கு 6.75, 14.2க்கு 10, 7.1க்கு 20. ஐந்து மீட்டர் ஒயர் பால்கனியிலேயே அடங்கிவிடும். 28 மெகாஹெர்ட்ஸ் அலை வானில் பட்டுத் திரும்பும் பகலில் 10 வாட்டில் கண்டம் தாண்டியும் பேசலாம். ஆனால் அதே ஒயரில் நாகப்பட்டினத்தைக் கூப்பிட்டால் பதில் வராது. அந்த அலை வானத்தின் அயனி மண்டலத்தில் சாய்ந்து பட்டு, பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் திரும்ப இறங்கும். நடுவில் இருக்கும் ஊர்கள் எல்லாம் நிழலில் விழுந்துவிடும். கடலூர், நாகை, திருச்சி, மதுரையோடு பகலில் நேரடியாகப் பேச, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே போய் நெட்டுக்குத்தாகவே கீழே வரும் அலை வேண்டும். நம் பகுதியில் அந்த வேலையைப் பகல் முழுக்கச் செய்யக்கூடியது 7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட், அதாவது அலைவரிசைத் தொகுதி. புயல் நாளில் நமக்கு வேண்டியது அமெரிக்கா அல்ல, நாகப்பட்டினம். எனவேதான் இருபது மீட்டரை விட்டுக்கொடுக்க முடியாது என்கிறோம்.

சென்னை மனைக் கணக்கில் அந்த இருபது மீட்டர் அடங்குமா? ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, பெரும்பாலும் 40க்கு 60. சுற்றிலும் ஐந்தடி விட்டுக் கட்டியிருந்தால் மொட்டை மாடி 30க்கு 50 அடி, அதாவது சுமார் 9 மீட்டருக்கு 15 மீட்டர். மூலைக்கு மூலை அளந்தால் 17.8 மீட்டர். நேர்கோட்டில் இழுத்தால் ஒயர் சுவரைத் தாண்டிவிடும். நடுவில் 6 மீட்டர் உயரக் கம்பம், இரண்டு எதிர் மூலைகளில் 3 மீட்டர் கம்பு என்று வைத்துக் கூரைபோல் சரித்துக் கட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் 9.4 மீட்டர் கிடைக்கும். மீதி ஏறக்குறைய அரை மீட்டர். அதை மூலைக் கம்பின் இன்சுலேட்டருக்கு அப்பால் தொங்கவிட்டு, காற்றில் ஆடாதபடி நைலான் இழையால் கீழே இழுத்துக் கட்டினால் முடிந்தது. ஒயரின் கடைசி முனை தொங்கினாலோ மடிந்தாலோ பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் மின்னோட்டம் அதிகம் பாய்வது நடுப்பகுதியில். முனையில் மிகக் குறைவு. மடிப்பது என்றால் முனையில் மடியுங்கள், நடுவில் மடிக்காதீர்கள்.

ஆறு மீட்டருக்கு மேல் உயர்த்த ஆசைப்பட வேண்டாம். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் அது தரையிலிருந்து ஏற்கெனவே 18 மீட்டர். கிட்டத்து ஊர்களுக்கு அதற்குமேல் உயரம் கூடுவதால் லாபமில்லை. இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட் தளமும் ஓரளவு தரைபோல் அலையை மேலே திருப்பி அனுப்புகிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்கள் உயர வரம்பைத் தெரிந்துகொண்டு கம்பம் நட வேண்டும்.

சங்கங்கள் மறுப்பதற்கு முக்கியக் காரணம் ஒழுக்கு. அவர்கள் பயம் நியாயமானது. மொட்டை மாடித் தளவோட்டில் ஆணி அடித்துத் துளை போட்டால், அடுத்த மழைக்கே கீழ்வீட்டு மின்விசிறிக் கொக்கியில் தண்ணீர் சொட்டும். எனவே தரையில் ஒரு துளைகூட வேண்டாம். 20 லிட்டர் பெயின்ட் வாளியில், நடுவில் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டை நிறுத்திக் கான்கிரீட் போட்டால் 45 கிலோ தேறும். அதற்கடியில் பழைய ரப்பர் மேட்டை விரித்து வையுங்கள். அந்தத் துண்டுக்குள் ஒன்றரை அங்குலக் குழாய் நிற்கும். கடையில் வரும் நீளமே 6 மீட்டர்தான், வெட்ட வேண்டியதில்லை. ஆனால் வாளியின் எடையை மட்டும் நம்பி விடக் கூடாது. குழாயின் முக்கால் உயரத்தில் ஒரு வளையம் போட்டு, மூன்று திசையில் கயிறு இழுத்துக் கைப்பிடிச் சுவரின் தூண்களில் கட்ட வேண்டும். மாடிப்படி அறையோ லிஃப்ட் அறையோ நடுவில் அமைந்திருந்தால் இன்னும் எளிது: அதன் பக்கச் சுவரில் இரண்டு கிளாம்ப், மூன்று மீட்டர் குழாய், அவ்வளவுதான். பக்கச் சுவரில் போடும் துளையையும் வெளிவாய் தாழ்ந்திருக்கும்படி சரித்துப் போட்டு, சிலிகான் வைத்து அடைத்துவிடுங்கள். மூலைகளுக்குப் பந்தல்காரரிடம் கிடைக்கும் சவுக்குக் கம்பு போதும். சவுக்கு மின்சாரம் கடத்தாது என்றாலும் நனைந்தால் கொஞ்சம் கடத்தும். ஆகவே ஒயரை நேராகக் கம்பில் சுற்றாமல் முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டரோ, ஒரு சாண் பி.வி.சி. குழாய்த் துண்டோ நடுவில் வையுங்கள்.

கம்ப உச்சியில் ஒரு கப்பியைப் போட்டு ஆன்டெனாவைக் கொடியேற்றுவதுபோல் ஏற்றுவது நல்லது. எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் பத்து நிமிடத்தில் இறக்கி, காற்று அடங்கியதும் மறுபடி ஏற்றலாம். சாதாரணப் பிளாஸ்டிக் கயிறு சென்னை வெயிலில் சீக்கிரமே நார்நாராய்ப் பிரிந்துவிடும். மீன்பிடிப் படகுக்கு வாங்கும் கயிற்றைக் கேட்டு வாங்குங்கள். அது வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கச் செய்தது. கப்பியும் கொக்கியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் பக்கம் சாதா ஜி.ஐ. கொக்கி ஓராண்டுக்குள் செதில் செதிலாய் உதிர ஆரம்பிக்கும்.

இனி ஒயர். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. ஒயரே போதும், இருபது மீட்டரும் சேர்ந்து அரைக் கிலோவுக்கும் குறைவு. துணி காயப்போடும் கொடியில் ஈரப் போர்வையின் எடை இதைவிடப் பல மடங்கு என்பதைச் சங்கத்தாருக்கு நினைவூட்டலாம். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரில் அலை சற்றே மெதுவாகப் போவதால், சூத்திரம் சொல்லும் 10 மீட்டரைவிட ஒவ்வொரு கையும் கொஞ்சம் குறைவாக, 9.6 முதல் 9.9 மீட்டருக்குள் வந்து நிற்கும். முதலில் 10.3 மீட்டரில் கட்டி, நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவுகருவியிலோ எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரிலோ பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனா ஏற்காமல் திரும்பும் சக்தியைக் காட்டும் எண்; ஒன்று என்றால் மிகச் சிறப்பு. 6.75 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவாக இருக்கிறது என்று வையுங்கள். 10.3ஐ 6.75ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 9.79, ஒவ்வொரு முனையிலும் 51 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முனையை மடக்கி அதன்மேலேயே இறுகச் சுற்றி மறுபடி அளந்து, சரியானதும் கேபிள் டை போட்டு விட்டுவிடலாம். ஆன்டெனாவைத் தாழ்வாக வைத்து அளந்துவிட்டு மேலே ஏற்றினால் எண் மாறும்; ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட்டே அளக்க வேண்டும். இந்திய உரிமத்தில் இந்த பேண்ட் 7.0 முதல் 7.2 வரை என்பதால், 7.1இல் சரிசெய்த டைபோல் பேண்ட் முழுவதற்கும் ட்யூனர் என்ற பொருத்தும் பெட்டி இல்லாமலே ஒத்துப்போகும்.

செட்டிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் ஒயரின் நடுவில் இணையும் இடத்தில்தான் பாதி ஆன்டெனாக்கள் கெடுகின்றன. கோஆக்ஸின் வெளிப்பின்னலின் மேல்பரப்பில் மின்னோட்டம் இறங்கி வந்தால் ஆன்டெனா வீட்டுக்குள் வரை நீண்டுவிட்டதாக அர்த்தம்: மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று கடிக்கும், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் கரகரக்கும், வீட்டு எல்.இ.டி. இரைச்சல் எல்லாம் ரிசீவருக்குள் ஏறும். 31ஆம் ரக ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில், 61 மில்லிமீட்டர் அளவு, மெல்லிய கோஆக்ஸைப் 12 சுற்றுச் சுற்றி இணைப்புக்கு அடியிலேயே வைத்தால் இது நிற்கும். ரிச்சி தெருவில் கனெக்டர் வாங்கும்போது உள்ளே வெள்ளை டெஃப்லான் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் இன்சுலேஷன் சால்டரிங் அயர்ன் சூட்டில் உருகி நடு ஊசி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஷார்ட். கேபிள் டி.வி.க்கு வரும் ஆர்.ஜி.6 வேண்டாம். அது 75 ஓம் என்பது சமாளிக்கக்கூடிய விஷயம்; அதன் அலுமினியப் பின்னலில் ஈயம் பிடிக்காது என்பதுதான் தொல்லை.

தண்ணீர் கோஆக்ஸுக்குள் இறங்கினால் பின்னல் தந்துகி போல அதை மீட்டர்கணக்கில் உறிஞ்சிக் கீழே கொண்டுவரும். மேல்முனையில் ஒரு நாள் நனைந்தது செட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பொடியாகத் தெரிய சில மாதங்கள் ஆகும். இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண பி.வி.சி. டேப்பைக் கீழிருந்து மேலாக ஓடு வேய்வதுபோல் சுற்றுங்கள். சிலிகான் மட்டும் பூசுவது போதாது. புளிப்பு வாசனை அடிக்கும் ரகச் சிலிகான் செம்பையே அரிக்கும். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தொங்கலாகத் தாழ்ந்து பிறகு ஏறட்டும். வழியும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டிப் போய்விடும்.

நடுக்கம்பம் வைக்கவே வழியில்லாத மாடிகளும் உண்டு: நடுவில் தண்ணீர்த் தொட்டி, மீதியெல்லாம் சோலார் பலகை. அங்கே ஒரு முனையில் ஊட்டும் அரை அலை ஒயர் கைகொடுக்கும். மூன்றாம் மாடிப் பால்கனியில் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி, அங்கிருந்து மேலே ஏறிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே வளைந்து போகும் இருபது மீட்டர் ஒயர். ஒன்றிரண்டு திருப்பங்கள் இருக்கலாம், போன வழியே திரும்பி வரக் கூடாது. ஒயரின் முனையில் இரண்டாயிரம் ஓம்களுக்கு மேல் இருக்கும். அதை 50 ஓமாக இறக்க 43ஆம் ரக ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுருள் 2 சுற்று, இரண்டாம் சுருள் 14 சுற்று. பதினான்கை இரண்டால் வகுத்தால் ஏழு, ஏழின் வர்க்கம் 49, அதுதான் விகிதம். இனாமல் செம்புக் கம்பி மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் கேளுங்கள். முதன்மைச் சுருளுக்குக் குறுக்கே 100 பிகோஃபேரட், 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் கன்டென்சர் ஒன்று. அது இல்லாவிட்டால் 28 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்காது. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் இருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையத்தைப் பலர் இதற்குப் போடுகிறார்கள். அது இரும்புத்தூள் வளையம், வேலைக்கு ஆகாது. பத்து வாட்டிலேயே சூடேறும், ஒயருக்குப் போக வேண்டிய சக்தி பெட்டிக்குள்ளேயே கரையும். பெட்டியின் எர்த் முனையில் 2 மீட்டர் எதிர் ஒயர் ஒன்றைத் தொங்கவிட்டு, செட்டுக்குப் போகும் கோஆக்ஸில் மேலே சொன்ன ஃபெரைட் சுற்றை வையுங்கள். ஒரே ஒயர் 7, 14, 21, 28 நான்கிலும் ஒத்துப்போவது இதன் சிறப்பு. டைபோல் அளவுக்கு அமைதியாகக் கேட்காது, ஏனென்றால் ஒயர் வீட்டுக்கு மிக அருகில் தொடங்குகிறது.

இங்கே எர்த் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் மாடியிலிருந்து தரையில் உள்ள எர்த் குழிக்கு 10 மீட்டர் ஒயர் விட்டால், அது மின் பாதுகாப்புக்கு எர்த். 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு எர்த் அல்ல. பத்தரை மீட்டர் என்பது அந்த அலையின் கால் பங்கு. கீழ்முனை தரையில் பூஜ்யமாக இருந்தால் மேல்முனை திறந்த சுவிட்ச்போல் நடந்துகொள்ளும். எர்த் நன்றாகப் போட்டும் மைக் கடிக்கிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். தண்ணீர்க் குழாயிலும் காஸ் குழாயிலும் எதையும் கட்டாதீர்கள்.

சங்கம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, பால்கனி மட்டும்தான் என்றால் காந்த வளைய ஆன்டெனா ஒன்றுதான் மரியாதையான வழி. ஏ.சி. மெக்கானிக்குகள் போடும் 5/8 அங்குல, கடைப் பேச்சில் ஐந்து நூல், செம்புக் குழாயை ஒரு மீட்டர் விட்ட வட்டமாக வளையுங்கள். இரு முனைகளுக்கும் நடுவில் மாறும் கன்டென்சர், 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 47 பிகோஃபேரட், 28.5க்கு 12. ஊட்டுவதற்குக் கன்டென்சருக்கு நேர் எதிரே, பெரிய வட்டத்துக்குள் 20 சென்டிமீட்டர் விட்டச் சின்ன வளையம், கோஆக்ஸோடு இணைத்தது; இரண்டுக்கும் கம்பித் தொடர்பே வேண்டாம்.

இதில் ஒவ்வொரு இணைப்பும் உயிர்நாடி. 14 மெகாஹெர்ட்ஸில் இந்த வளையத்தின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் சக்திக்கு ஈடான தடை, ஓமில் பத்தில் ஒரு பங்குதான். குழாயின் தடை அதில் முக்கால் பங்குக்கும் குறைவு. ஒரு போல்ட் இணைப்பு துருப்பிடித்து இன்னொரு பத்தில் ஒரு ஓமைச் சேர்த்தால், அறுபது சதவீதமாக இருந்த திறன் நாற்பதுக்குக் கீழே போகும். மல்ட்டிமீட்டரில் அந்தத் தடை தெரியவே தெரியாது. ஆகவே கன்டென்சர் முனைகளைக் குழாயோடு ஈயம் வைத்தோ, ஏ.சி. மெக்கானிக்கிடம் கொடுத்துப் பற்றவைத்தோ சேர்க்க வேண்டும், ஸ்க்ரூ வேண்டாம். பழைய ரேடியோவின் இரட்டை கேங் கன்டென்சரைப் போடுவதானால், சுழலும் தண்டைத் தொடாமல் நிலைத்தகடு இரண்டையும் மட்டும் வளையத்தோடு சேருங்கள். தண்டில் உரசும் வழுக்குத் தொடர்பின் தடை தப்பும், மின்னழுத்தமும் இரண்டாகப் பிரியும். அப்படியும் 5 வாட்டுக்கு மேல் போக வேண்டாம். பத்து வாட்டிலேயே கன்டென்சரின் இரு முனைக்கும் இடையே 1,800 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், நூறு வாட்டில் ஆறாயிரத்தை நெருங்கும். கிரில்லுக்கு உள்ளே குழந்தைகள் கை எட்டும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. அனுப்பும்போது ஆளும் இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அலைவரிசை அகலம் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு என்பதால், டயலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கன்டென்சரைத் திரும்பத் திருப்ப வேண்டியிருக்கும். இரும்பு கிரில்லோடு ஒட்டி வைத்தால் மதிப்பெல்லாம் மாறிவிடும். ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

இதே வளையத்தை 7 மெகாஹெர்ட்ஸுக்கு இழுக்கலாமே என்று தோன்றும். 190 பிகோஃபேரட் வைத்தால் ஒத்துப்போகும், எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக ஒன்றுக்கு வரும். ஆனால் கதிர்வீச்சுத் தடை ஓமில் ஆயிரத்தில் ஆறாக விழுந்துவிடுவதால், பத்து வாட்டில் ஒன்றரை வாட்கூட வெளியே போகாது. எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதும் ஆன்டெனா நன்றாக இருப்பதும் வேறு வேறு. பால்கனி வளையம் தொலைதூரத்துக்கு நல்ல துணை. புயல் நாளில் அது மொட்டை மாடி ஒயருக்கு ஈடாகாது.

நகருக்குள் பேச 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. எஸ்.ஓ.239 என்ற கோஆக்ஸ் சாக்கெட் ஒன்று, நடுவில் 49 சென்டிமீட்டர் செம்புக் கம்பி, நான்கு துளைகளிலும் 51 சென்டிமீட்டரில் நான்கு கம்பிகள், 45 டிகிரி கீழே வளைத்து. கோஆக்ஸை மட்டும் கவனியுங்கள்: 20 மீட்டர் மெல்லிய ஆர்.ஜி.58 ரகத்தில் இந்த அலைவரிசையில் பாதிக்கு மேல் சக்தி வழியிலேயே கரைந்துவிடும். நீளம் தவிர்க்க முடியாது என்றால் தடித்த ஆர்.ஜி.213 போடுங்கள்.

ஆன்டெனா சரியாக அமைந்தும் எதுவும் காதில் விழவில்லை என்றால், பெரும்பாலும் இரைச்சல்தான் குற்றவாளி. செட்டைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் 9இலிருந்து 5க்கு இறங்கினால் எதிரி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான், ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டுப் பார்த்தால் எந்த எல்.இ.டி. பல்பு, எந்தச் சார்ஜர், எந்த பி.எல்.டி.சி. மின்விசிறி என்பது தெரிந்துவிடும். இறங்காவிட்டால் லிஃப்ட் மோட்டாரின் டிரைவையும் மாடிச் சோலார் இன்வெர்ட்டரையும் சந்தேகியுங்கள். லிஃப்ட் இரைச்சல் லிஃப்ட் ஓடும்போது மட்டும் வரும், சோலார் இரைச்சல் சூரியனோடு எழுந்து சூரியனோடு அடங்கும். ஒயரை லிஃப்ட் அறையிலிருந்து சில மீட்டர் தள்ளிக் கட்டினாலே பாதி குறையும். புயல் இரவில் தெரு முழுக்கக் கரண்ட் போனபின் இதே பேண்ட் எவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுப்பே கூடாது. தெருவில் இ.பி. லைன் மேலே போகும் இடமென்றால், கம்பம் எந்தத் திசையில் சாய்ந்தாலும், ஒயர் எங்கே அறுந்து விழுந்தாலும் அந்த லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். அது இல்லாத பக்கத்தில் ஆன்டெனா கட்டவே வேண்டாம். ஒயரைத் தெருவுக்குக் குறுக்கே எதிர்வீட்டுக்கு இழுப்பது அறவே கூடாது. அடுத்தது இடி. மின்னல் வெட்டத் தொடங்கியபின் கோஆக்ஸைத் தொடாதீர்கள். செட்டைப் பயன்படுத்தாத நேரமெல்லாம் கோஆக்ஸைக் கழற்றி வெளியே வைத்திருப்பதுதான் வழக்கமாக வேண்டும். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னலின் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் காஸ் குழல் அரெஸ்டரைப் பொருத்தி, தடித்த செம்புக் கம்பியால் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்க வேண்டும். தனியாக வேறொரு எர்த் வைப்பது ஆபத்தைக் கூட்டும், இரண்டு எர்த்துக்கும் நடுவே எழும் மின்னழுத்தம் செட்டின் வழியாகத்தான் பாயும். அரெஸ்டர் பக்கத்தில் விழும் மின்னலுக்கு உதவும், நேரடி இடிக்கு உதவாது.

சங்க நிர்வாகிகளுக்கு எங்கள் வேண்டுகோள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. கேட்காமல் கட்டுவது தவறு, கேட்டவருக்குக் காரணம் சொல்லாமல் மறுப்பதும் நல்லதல்ல. நிபந்தனை போட்டு அனுமதி கொடுங்கள். உரிமத்தின் நகல் ஒன்றைக் கோப்பில் வாங்கி வையுங்கள். தரையில் துளை இல்லை, ஒயரின் எந்தப் பகுதியும் இரண்டரை மீட்டருக்குக் கீழே இல்லை, தொட்டி கழுவ வருபவர் வழியில் கயிறு இல்லை என்று எழுதி வாங்குங்கள். கம்ப அடியில் உரிமதாரரின் பெயரும் போன் எண்ணும் எழுதிய பலகை இருக்கட்டும். பெயின்டிங், வாட்டர்ப்ரூஃபிங் வேலை வந்தால் ஒரு நாள் முன்பு சொன்னால் அவரே இறக்கிவிட வேண்டும். ஒயர் முனையை அனுப்பும் நேரத்தில் தொட்டால் விரல் சுடும், அதனால்தான் உயரத்தைக் கறாராகச் சொல்கிறோம். செல்போன் கோபுரம்போல் நாள் முழுவதும் இயங்குவதல்ல இது, பேசும் நேரம் மட்டும்தான் அலை போகும். பதிலுக்கு, போன் செத்த நாளில் கட்டடத்தில் உள்ளவர்களின் செய்தியை வெளியூருக்குக் கொண்டு சேர்ப்பேன் என்ற உறுதியை உரிமதாரரிடம் கேட்டுப் பெறுங்கள்; பேரிடர் நேரத்தில் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

வாளியில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரச் சாக்கு போர்த்தி நனைத்துவர வேண்டும், அதன்பிறகே குழாயை நிறுத்திக் கயிறு கட்டலாம். ஆன்டெனாவை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிச் சரிபார்க்க இன்னும் ஒரு வாரம். எனவே அனுமதிக் கடிதம் புரட்டாசி முதல் பாதிக்குள் கைக்கு வந்தால்தான் மழைக்கு முன் வேலை முடியும்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி உரிமதாரர்கள் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை.